முகம் மட்டும் என் மகளுடையது

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாள் இருக்கும். பம்பாயில், அமெரிக்க விசா அலுவலகத்துக்குச் சற்றுத் தள்ளி, நடைபாதையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது.

ஆனால் பம்பாயிலிருந்து சொன்னால் உங்களுக்குப் புரியாது. ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆண்கள் அந்தக் காலத்தில் கொழும்புக்குக் கப்பலேறினார்கள், இப்போது துபாய்க்கு விமானம் ஏறுகிறார்கள். பெண்கள் எங்கேயும் போவதில்லை. வீடே பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீட்டைக் கொடுப்போம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அதுதான் வழக்கம். என் கடைசி மகளுக்கு அமைந்த மாப்பிள்ளையும் எங்கள் ஊர்ப் பையன்தான். படிக்க அமெரிக்கா போய், அங்கேயே குடியுரிமை வாங்கி, ஆஸ்பத்திரி லேப் ஒன்றில் வேலை செய்கிறவர். லீவில் வந்தார், நிக்காஹ் நடந்தது, லீவு முடிந்ததும் திரும்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக, மகள் புறப்பட்டு மாப்பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்றானது.

அதற்கு விசா வேண்டுமே. இரண்டு வருடம் காத்திருந்தோம். நிக்காஹ் சான்றிதழ், அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, பிறப்புச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் என்று ஃபைல் பருத்துக்கொண்டே போனது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுத பிறகு மகள் அதைப் பாயில் பரப்புவாள். நான் அதிகம் படித்தவள் இல்லை. குர்ஆன் ஓதத் தெரியும், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு தாளையும் விரல் வைத்துப் பார்ப்பேன். "எங்கேயாவது ஒரு பிசகு இருந்துச்சுன்னா முடிஞ்சுச்சு உம்மா. மறுபடியும் முதல்லேருந்து" என்பாள் மகள். அந்தப் பயத்திலேயே பிள்ளை பாதியாக இளைத்துவிட்டது.

தாள்களில் ஒரு பிசகும் இல்லை. பிசகு நாங்கள் தேடாத இடத்தில் இருந்தது.

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் எங்களுக்கு விசா வேலை பார்த்துக்கொடுத்த டிராவல்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். தெரிந்த வீட்டுப் பையன்தான். கல்யாண ஆல்பத்தைக் கேட்டார், கொடுத்தேன். புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"மாமி, இதுல பொண்ணு எங்க?"

"பொண்ணு உள்ள இருந்துச்சு. ஆல்பத்துல எதுக்குப் பொண்ணு?"

"அது சரி. பள்ளிவாசல்ல மாப்பிள்ள, ஊர்வலத்துல மாப்பிள்ள, அப்புறம் பக்கம் பக்கமா பிரியாணித் தட்டு. இதப் பாத்தா வெள்ளக்காரன் மாப்பிள்ளைக்கும் பிரியாணிக்கும்தான் நிக்காஹ்னு எழுதிக்கிருவான் மாமி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் நிக்காஹ் என்றால் மாப்பிள்ளை பள்ளிவாசலில், பெண் வீட்டுக்குள். பெண்கள் பகுதிக்குள் கேமரா வராது. வாசல்வரை வந்த போட்டோக்காரரை நானே திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

"ரெண்டு பேரும் சேந்து நிக்கிற கல்யாண போட்டோ இல்லாட்டி, கல்யாணமே நடக்கலைன்னு சொல்லிருவாங்க மாமி" என்றார் அவர்.

ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணம் நடக்கவே இல்லையா?

மகள் ஓடிப்போய் ஒரு படத்தை எடுத்து வந்தாள். கல்யாணமான புதிதில் இருவரும் ராமேஸ்வரம் பக்கம் போனபோது பாம்பன் பாலத்தில் எடுத்தது. பாலத்தில் பனங்கிழங்கு விற்ற அம்மாவிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்களாம். அங்கே அடிக்கிற காற்று தெரியுமே. மகளுடைய துப்பட்டா பறந்து மாப்பிள்ளை முகத்தை மூடியிருந்தது. அவர் கை மட்டும் அதை விலக்கப் பார்க்கிறது. இவள் கண்ணை மூடிச் சிரிக்கிறாள்.

"இதுல மூஞ்சியே தெரியலயே. இது மாப்பிள்ளதான்னு யாரு சாட்சி, பனங்கிழங்கா?" என்று தள்ளி வைத்தார் டிராவல்ஸ்காரர். "விடுங்க மாமி. நான் பாத்துக்கிர்றேன்."

இரண்டு நாளில் ஒரு படத்தோடு வந்தார். சரவிளக்குக்குக் கீழே மாப்பிள்ளை நிற்கிறார். பக்கத்தில், தோளோடு தோளாக, சிவப்புப் பட்டில் ஒரு பெண். முகம் என் மகளுடைய பாஸ்போர்ட் படத்து முகம். கழுத்துக்குக் கீழே எவளோ! முழங்கைவரை மருதாணி போட்ட, மெலிந்த நீளமான கைகள். என் மகளுக்கு இடது சுண்டுவிரல் வளைந்திருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது. இந்தக் கையில் எல்லா விரலும் வரைந்தது போல நேராக இருந்தன.

"ஏலே, இது யாரு கை?" என்றேன்.

"கையை யாரு மாமி பாக்கப் போறா? கம்ப்யூட்டர்ல கெடச்சது."

வாசலோடு கேமராவைத் திருப்பி அனுப்பியவள் நான். இப்போது முன்பின் தெரியாத ஒருத்தி என் மருமகனை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு என் மகளின் முகம்! அவர் போன பிறகு, "அதைத் தூக்கி எறி" என்றேன் மகளிடம்.

"ரெண்டு வருஷம் உம்மா" என்றாள் அவள். "இது இல்லாமப் போயி, அவுக விசா இல்லைன்னு சொல்லிட்டா? அப்ப என்ன செய்வீக?"

அவள் ஃபைலை மூடினாள். அந்தப் படம் உள்ளே இருக்கிறதா, எறிந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மதுரையில் விமானம் ஏறி, நானும் மகளும் என் பெரிய மகனுமாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தோம். இன்டர்வியூ அன்று காலையில் மகள் மட்டும் கேட்டுக்குள் போனாள். போன் கொண்டுபோகக் கூடாதாம், அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மகன் டீ குடிக்கப் போனான். நான் மரத்தடியில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஓர் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் உடுத்துகிற வெள்ளைத் துப்பட்டி! அந்நிய ஊரில் அதைக் கண்டால் ஊரையே கண்ட மாதிரி. கைகாட்டிக் கூப்பிட்டேன். அவர் ஊர் எங்கள் ஊருக்கு வடக்கே, அதே கடற்கரைதான். அவர் மகளும் உள்ளே போயிருக்கிறாள். எங்கள் டிராவல்ஸ்காரரிடம்தான் அவர்களும் விசா வேலையைக் கொடுத்திருந்தார்கள். பேச்சு வாக்கில், "மக கல்யாணப் படம் பாக்குறீகளா லாத்தா?" என்று அக்கா முறை சொல்லிப் போனை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன்.

சரவிளக்கு. சிவப்புப் பட்டு. முழங்கைவரை மருதாணி. மெலிந்த நீளமான விரல்கள். முகம் மட்டும் வேறு.

போனைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடியும் பார்த்தேன்.

"நிக்காஹ் அன்னிக்கு எடுத்தது" என்றார் அவர்.

"இல்ல" என்றேன். "உங்க ஊர்லயும் உள்ள கேமரா விட மாட்டீக. எனக்குத் தெரியும்."

மகளின் போனைத் திறந்து, டிராவல்ஸ்காரர் அதிலும் அனுப்பியிருந்த எங்கள் படத்தைக் காட்டினேன். இரண்டு போனையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு மாப்பிள்ளை, இரண்டு முகம், ஒரே உடம்பு.

"யா அல்லாஹ்... லாத்தா, உங்க மகளும் இவதானா?" என்றார் அவர்.

அந்தப் படத்தை வெளியே எடுக்காதே என்று மகளிடம் சொல்ல, எழுந்து கேட்டைப் பார்த்து ஓடினேன். என் முழங்கால் ஓடுகிற முழங்கால் இல்லை, எப்படி ஓடினேன் என்று தெரியாது. யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள் நான். அன்று அந்தக் காவல்காரரிடம், "உள்ள எம் மக இருக்கா, ஒரே ஒரு வார்த்த சொல்லணும்" என்று தமிழில் கெஞ்சினேன். அவர் இந்தியில் என்னவோ சொல்லி, மரியாதையாகவே, மரத்தடியைக் கைகாட்டினார். மகன் வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "இனி நம்ம கையில ஒண்ணும் இல்ல உம்மா" என்றான்.

முதலில் அந்த அம்மாவின் மகள்தான் வெளியே வந்தாள். சின்னப் பிள்ளை. கையில் ஒரு தாள். அந்தப் படத்தைப் பார்த்து, 'இது நீதானா?' என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில், ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். இந்தப் புடவை இப்போது எங்கே, படம் எடுத்தது யார், எந்த மண்டபம் என்று அடுத்தடுத்துக் கேட்டபோது வாய் குழறிவிட்டது. விசா இப்போது இல்லை, விசாரிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பிள்ளை தாயின் துப்பட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுத சத்தம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் கதையும் இதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மருமகனுக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

வெகுநேரம் கழித்து என் மகள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

"அந்தப் படம்?" என்றேன்.

"ஃபைல்லதான் இருந்துச்சு உம்மா. அந்த ஆபீஸரே எடுத்துட்டாரு. இது நீயான்னு கேட்டாரு."

அவள் கையை விடாமல் இன்னும் கிட்டே நகர்ந்தேன்.

"ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கவுன்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கை இருக்கு, அந்தப் பக்கம் படத்துல அந்தக் கை இருக்கு. ரெண்டையும் பாத்துட்டு எனக்குச் சொல்ல வரல. 'முகம் மட்டுந்தான் என்னுது, மத்தது யாருதுன்னு தெரியாது'ன்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்த தமிழ்ப் பெண்ணே ஒரு நிமிடம் திகைத்துப்போய்விட்டாளாம். அவள் இங்கிலீஷில் சொன்னதும் அந்த ஆபீஸர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உண்மையான படம் ஏன் இல்லை?" என்று கேட்டார். இவள் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிவாசலில் அவர், வீட்டுக்குள் நான், எங்கள் உம்மா கேமராவை விடவில்லை, வேண்டுமானால் வெளியே மரத்தடியில்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று! அவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது அவர் கையில் பாம்பன் பாலத்துப் படம் இருந்தது. ஃபைலின் கடைசியில் இவள் வைத்திருந்தது. "இவர் முகம் ஏன் தெரியவில்லை?" என்று கேட்டார். காற்று என்றாள். "அன்று வேறு என்ன நடந்தது?" என்று கேட்டார். பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று தான் சொன்னதையும், மாப்பிள்ளை கேட்காமல் நிறுத்தியதையும், போலீஸ் விசில் அடித்ததும் முதலில் ஓடியது அவர்தான் என்பதையும் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டதாம். அந்த ஆபீஸரும் சிரித்துவிட்டாராம்.

"பொய்யான படத்தைக் கொண்டுவந்தது பெரிய தப்புன்னு கண்டிச்சாரு உம்மா. அப்புறம் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாரு. விசா தர்றாங்களாம்."

சுற்றி ஒருதரம் பார்த்தேன். இரண்டு கை தூரத்தில் அந்தத் தாயும் மகளும். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து போய் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தேன். என் மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நீயும் உள்ளத எழுதிக் குடு. உங்க பள்ளிவாசல் ஜமாஅத்துல லெட்டர் வாங்கிக் குடு" என்றாள். அப்படியே செய்திருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. அந்த அம்மா போன் செய்யும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை, அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிற துஆ மட்டும்தான் வருகிறது.

ஊர் திரும்பியதும் நேராக டிராவல்ஸ் கடைக்குப் போனேன். "வேல முடிஞ்சுச்சுல்ல மாமி, அப்புறம் என்ன?" என்றார் அவர். "வேல முடிஞ்சது எம் மகளுக்கு. முடியாதவ ஒருத்தி அவ வீட்ல அழுதுக்கிட்டிருக்கா. அந்த உடம்பு யாரு பெத்த மகளோடது? அவ வீட்டுல கேட்டியா?" என்றேன். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

மகள் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். நான் அவளுக்குக் கொடுத்த வீட்டில் நான் மட்டும் விளக்குப் போடுகிறேன். அவ்வப்போது படம் அனுப்புகிறாள், பனியில் நிற்கிற மாதிரி, மாப்பிள்ளையோடு கடைக்குப் போகிற மாதிரி. போனில் படம் வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலால் பெரிதாக்கி, முதலில் அந்த வளைந்த சுண்டுவிரலைத் தேடுகிறேன். அதைக் கண்ட பிறகுதான் அவள் சிரிப்பை நம்புகிறேன்.