அரை மணி நேரத்துக்கு முந்தைய பதில்

நான் தென்காசியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். இணையச் சேவைகளை வேகமாக இயக்க ஓர் ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க், அதாவது ஆயத்த நிரல்தொகுப்பு, உண்டு. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் படிக்கலாம். அதை வைத்து ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தேன்.

குற்றாலத்தை ஒட்டிய மலைச்சரிவில் காவலுக்கு ஆள் இல்லாத ஒரு சிற்றருவி இருக்கிறது. அங்கே டீக்கடை நடத்தும் அம்மா, தண்ணீர் ஏறினால் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். என் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு ‘குளிக்கலாம்’ அல்லது ‘இறங்காதீர்கள்’ என்று வரும்.

எதிர்வீட்டு ஜவுளி வியாபாரி, என் முப்பது வருட நண்பர், அதைப் பார்த்துச் சிரித்தார். “காலேஜ்ல பிள்ளேளுக்கு மார்க் போட்டீரு. இப்போ அருவிக்கும் மார்க் போடுதீரோ சார்வாள்?” ஆனால் சீசனில் அதைப் பார்க்காமல் அவர் வீட்டில் யாரும் அருவிக்குப் போனதில்லை.

அந்த ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்கள் ஓர் இணைய மன்றத்தில் தங்கள் சேவை எத்தனை மில்லிநொடியில் பதில் தருகிறது என்று போட்டுக் காட்டுவார்கள். என் எண் மோசமாக இருந்தது. ஒருமுறை சொன்ன பதிலைப் பிடித்து வைத்து, அடுத்துக் கேட்பவர்களுக்கும் அதையே தரும் வசதி ஒன்று இருந்தது. ஒரு நிமிடம் மட்டும் பிடித்து வைக்கும்படி இருந்த அதை அரை மணி நேரமாக்கினேன். எண் அழகாக இறங்கியது. மன்றத்தில் போட்டேன். நான்கு பேர் பாராட்டினார்கள். எழுபது வயதில் அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் தென்காசியில் வெயில். மலைமேல் மட்டும் கறுத்திருந்தது. டீக்கடை அம்மா என் போனுக்கே கூப்பிட்டார். “அய்யா, நான் பொத்தான அமுக்கி ரொம்ப நேரமாச்சு. ஆளுவ இன்னும் வந்துகிட்டே இருக்காவ. என்னய்யா இது?”

பக்கத்தைத் திறந்தேன். ‘குளிக்கலாம்’ என்றிருந்தது.

சேவையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டில் நண்பரின் மகனுடைய கார் இல்லை. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவன். போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்டோ பிடித்தேன். மேலகரத்தில் சீசன் கூட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஓடினேன், என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. வழியெல்லாம் அவன் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் போன் காரில் கிடந்து அடித்திருக்கிறது.

நான் போனபோது அவனைப் பாறை இடுக்கிலிருந்து வேட்டிகளை முடிச்சிட்டு இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், “குளிக்கலாம்னுதான மாமா போட்டிருந்துது” என்றான்.

ஆஸ்பத்திரியில் நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன ஆச்சு சார்வாள்? உம்ம கணக்கு தப்பாதே?”

“மலைப்பக்கம் நெட்வொர்க் சரியில்ல பாய்” என்றேன்.

வீடு திரும்பி அரை மணி நேரத்தை எடுத்துவிட்டு, நிரலில் என்ன மாற்றினோம் என்று தேதியோடு பதிவாகும் குறிப்பில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன். என் நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடந்தது. ஊரில் யாரும் படிக்கவில்லை. அதை நம்பித்தான் எட்டு மாதம் இருந்தேன்.

அவன் திரும்பப் போக முடியவில்லை, வேலை போய்விட்டது. கட்டிலில் கிடந்தபடி நிரல் எழுதப் பழகினான். போன வாரம் பார்க்கப் போனபோது மடியில் கணினி இருந்தது. என் நிரல்தான் திறந்திருந்தது. பழைய மாற்றங்களின் பட்டியலில், அந்த ‘சிறு திருத்தம்’ என்ற வரியில் அவன் விரல் நின்றது.

“இது நான் விழுந்த அன்னைக்கு சாயங்காலம் மாமா.”

“ஆமா.”

கணினியை மூடி வைத்தான். பிறகு, “வாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாவ” என்றான்.

நண்பர் எனக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நெட்வொர்க் பொய் உட்பட. அவர் டீயை மேசையில் வைத்தார்.

“எதுக்கு சார்வாள் அம்புட்டு வேகம்? அருவிக்குப் போறவன் ஒரு நிமிசம் நிக்க மாட்டானா?”

மன்றத்தில் பாராட்டிய அந்த நான்கு பேரைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் உள்ளே போனார். நான் செருப்பை மாட்டி வாசலைத் தாண்டும்வரை வெளியே வரவில்லை.