பதிமூன்று மீட்டர் கயிறு

ஆம்பூரில் ஒருவர் பாய்மரப் படகு கட்டுகிறார் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? "பாலாத்துல தண்ணி வந்தா சொல்லி அனுப்புறோம் சார்" என்று தெருவே கேலி செய்தது. பிரேம்நாத் தன் பாட்டுக்குப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் தோல் வெட்டி ரிட்டயர் ஆனவர். பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி.

படகு ஆசை உண்மையில் அவருடையதே அல்ல, மனைவி தேவகியுடையது. ஏலகிரி ஏரியில் பெடல் படகில் போனபோது, "காத்துலயே போற படகு ஒண்ணு இருந்தா நாம ரெண்டு பேரும் ஜாலியா போலாங்க" என்று போகிற போக்கில் சொன்னாள். சொன்னவள் மகள் நித்யஸ்ரீக்குப் பிரசவம் பார்க்க பெங்களூர் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பேரனுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையை யார் பார்ப்பது? நியாயம்தான். நியாயமாக இருப்பதால் கோபப்படவும் வழியில்லாமல், பிரேம்நாத் காலையில் ஆக்கியதையே மூன்று வேளையும் சாப்பிட்டார். மீதி நேரத்தில் போர்ட்டிகோவில் பிளைவுட்டை அறுத்து, பதினோரு அடியில் இரண்டு பேர் உட்காரும் படகைக் கட்டினார். "ஏரில விடற அன்னிக்கு கண்டிப்பா வர்றேன்" என்று தேவகி சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் இத்தனை உழைப்பும்.

கயிறு வாங்குவதில் சறுக்கினார். தோல் வெட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் இழுத்து, எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்ப்பான். பிரேம்நாத் கல்யாண வீட்டில் போர்த்திய சால்வையையே இழுத்துப் பார்த்தவர். பஜாரில் ஒவைஸின் கயிற்றுக் கடையிலும் அதே இழுவைதான். வெள்ளை நைலான் கயிறு நல்ல தோல் மாதிரி மெத்தென்று கையில் உட்கார்ந்தது, இழுத்தாலும் அசைந்து கொடுக்கவில்லை. வாங்கி வந்து வாசலில் பாய்மரத்தை நிறுத்தி, பாயை உச்சிக்கு ஏற்றி இறுக்கிக் கட்டினார். மத்தியானத்துக்குள் கயிறு நீண்டு, பாய் ஒரு சாண் இறங்கி, அவிழ்ந்த வேட்டி மாதிரி தொங்கியது. தெருவுக்குக் கொண்டாட்டம்.

ஒவைஸ் சென்னையிலிருந்து பாலியெஸ்டர் பின்னல் கயிறு வரவழைத்து, பார்க்க ஒரு துண்டு கொடுத்தார். இந்த முறை பிரேம்நாத் கையை நம்பவில்லை. இரண்டு கயிற்றிலும் ஒவ்வொரு துண்டை மொட்டை மாடிக் கம்பியில் கட்டி, அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நைலான் நாலு விரல் நீண்டது. பாலியெஸ்டர் அரை விரல்கூட இல்லை. நைலானை நங்கூரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மறுநாள் தெம்பாகக் கடைக்குப் போனார்.

"எத்தினி மீட்டர் சார்?" கத்தியை எடுத்துக்கொண்டே ஒவைஸ் கேட்டார்.

பிரேம்நாத் மனசுக்குள் கணக்குப் போட்டார். படகின் முன்பலகையில் இன்னொரு ஆள் உட்கார்ந்தால், பாயை ஏற்றும் கயிற்றைப் பாய்மரத்தடியிலேயே கட்டிவிடலாம். அந்த ஆள் பார்த்துக்கொள்ளும், பத்து மீட்டர் போதும். தனி ஆள் என்றால், பின்னால் சுக்கான் பிடிப்பவர் கைவரைக்கும் கயிறு வரவேண்டும். பதிமூன்று மீட்டர்.

"இரு ஒவைஸு, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்றேன்" என்று வெளியே வந்து போன் போட்டார்.

"இன்னாங்க, சீக்கிரம் சொல்லுங்க. புள்ளைக்கு ஊட்டிக்கினு இருக்கேன்" என்றாள் தேவகி.

"படகுக்குக் கயிறு வாங்குறேன். நீ முன்னாடி உக்காந்தா பத்து மீட்டர் போதும். நான் மட்டும்னா பதிமூணு. எது வாங்கட்டும்?"

"இதுக்கா போன் போட்டீங்க? நீளமாவே வாங்குங்க. ஜாஸ்தியா இருந்தா அறுத்துக்கலாம். பத்தலன்னா இன்னா பண்ணுவீங்க?"

ரவிக்கைத் துணிக்குச் சொல்கிற யோசனைதான். அதில் தப்பே இல்லை. அவர் என்ன கேட்டார் என்பதுதான் அவளுக்கு எட்டவில்லை. வாயைவிட்டு "நீ வருவியா" என்று கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதற்குள், "புள்ள துப்புறான், வெச்சிட்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

"பதிமூணு" என்றார் ஒவைஸிடம்.

ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் விடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள். பேரனுக்கு ஜுரமாம், இந்த வாரம் முடியாதாம். ஞாயிறு காலை பிரேம்நாத் குட்டி யானை வேனில் படகை ஏற்றி, ஒடுகத்தூர்ப் பக்கம் ஓர் ஏரிக்குக் கொண்டுபோனார். நல்ல காற்று. பாய் ஏறியது, கயிறு விரல் அளவும் நெகிழவில்லை. ஆனால் இரண்டு பேருக்காகக் கட்டிய படகு. முன்னால் ஆள் இல்லாததால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இப்படியும் அப்படியும் சாய்ந்து பயமுறுத்தியது. கரைக்குத் திரும்பி, டீக்கடையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் கேட்டார். தேவகி அறுபது கிலோ இருப்பாள். மூன்று கேன் வாங்கி முன்பலகையோடு சேர்த்துக் கட்டினார்.

படகு சொன்னபடி கேட்டது. நடு ஏரிவரை நேராகப் போனார். அங்கேதான் அவருக்கு அழுகை வந்தது.