கைப்பிடிக்கு என்ன விலை

பழைய கார் விற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் யாரும் என் காரை விற்றுப் பார்த்ததில்லை. வெள்ளை நிறச் சின்னக் கார். பதினாலு வயது. அதை வாங்கிய வருஷமே வேலூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றி அமைத்தேன். சின்ன வயதில் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. ஊன்றுகோலோடு நடப்பேன், கார் என்றால் கையால்தான் ஓட்ட முடியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கியர் தலையில் ஒரு பட்டன், அதை அமுக்கினால் கிளட்ச். சித்தூரில் வீடு, திருப்பதியில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. இத்தனை வருஷமும் அந்தக் கைப்பிடிதான் என்னை வேலைக்குக் கொண்டுபோய் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

இப்போது தோள்பட்டை போய்விட்டது. கியர் போட்டுக்கொண்டே கைப்பிடியைத் தள்ள முடியவில்லை. கியர் இல்லாத வண்டிக்கு மாறச் சொல்லிவிட்டார் டாக்டர். புதிய வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, மீதிக்குப் பழைய காரை நியாயமான விலைக்கு விற்றாக வேண்டும். விற்கவில்லையென்றால் திருப்பதி பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான், அது என்னால் ஆகாது.

நியாயமான விலை எது? எனக்கு அதில் குழப்பமே இருக்கவில்லை. இதே வயதுள்ள இதே கார், மாற்றம் ஒன்றும் செய்யாதது, சந்தையில் ஒன்றரை லட்சத்துக்குப் போகிறது. கைப்பிடிக்கும் பட்டனுக்கும் அன்றைக்கு அறுபதாயிரம் கொடுத்தேன். தேய்ந்தது, பழசானது என்று பாதியைத் தள்ளுங்கள். முப்பது. ஆக ஒன்று எண்பது. சின்னப் பிள்ளைகூடப் போடும் கணக்கு. ஊரில் ஒருவர்கூட அதைப் போடத் தயாராயில்லை.

முதலில் வந்தவர் சித்தூர் கார் புரோக்கர். சுற்றிவந்து பார்த்தார், கதவைத் தட்டினார், பானெட்டைத் திறந்து மூடினார். பிறகு உள்ளே குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"பாடி நல்லா கீது சார். இன்ஜினும் பரவால்ல. இந்த ராடுங்கள எல்லாம் கழட்டிட்டு கொண்டா, அப்புறம் ரேட்டு மாட்லாடலாம்."

"கழட்டாம எவ்ளோ?"

"ஒண்ணு பத்து. கழட்டறதுக்குக் கூலி ஆவும். உன் ஆர்சி புக்குல ஊனமுற்றோர் வண்டின்னு கீது, நீ டாக்ஸ் கட்டல. வேற ஆளு வாங்குனா ஆர்டிஓ ஆபீஸ்ல அத மாத்தி டாக்ஸ் கட்டணும். எல்லாம் எங்க தலையில தானே சார் விடியும்."

அதாவது நான் அறுபதாயிரம் செலவழித்து மாட்டியது, அவர் பார்வையில் நாற்பதாயிரம் நஷ்டம். கைப்பிடி இருக்கும் கார், கைப்பிடி இல்லாத காரைவிட மட்டம். அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து கத்தினேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நீங்க காரை விக்கறீங்களா, இல்ல கோவத்த விக்கறீங்களா? கோவத்துக்கு இந்த ஊர்ல ஆளு கெடைக்காது."

சரி, சித்தூர் வேண்டாம், திருப்பதியில் பார்ப்போம் என்று, அங்கே செல்போன் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் சொன்னேன். என் மனைவியின் தம்பி. செல்போனில் எதையும் விற்றுவிடுவான், பேச்சில் அதைவிடச் சீக்கிரம் விற்றுவிடுவான். படம் எடுத்து விளம்பரம் போட்டான். அன்றைக்கே போன் வரத் தொடங்கியது.

திருப்பதிக்காரர்கள் மைலேஜ் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி. "கொண்ட எக்குதுந்தா சார்?" மலை ஏறுமா. ஏறும் ஐயா, என்னையே தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறது. இன்னொருவர் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்தார். எட்டு வருகிறதாம். எட்டு வந்தால் ஆகாதாம், பத்தாயிரம் குறைத்தால் ஆகுமாம். பத்தாயிரத்துக்கு விலகிவிடுகிற தோஷம் என்ன தோஷமோ எனக்குத் தெரியவில்லை. போனில் இனிக்க இனிக்கப் பேசிய இரண்டு பேர் நேரில் வந்து கதவைத் திறந்ததும் திகைத்து நின்றார்கள். ஒருவர், "இது படத்துல லேது கதா சார்," என்றார்.

படத்தில் இல்லையா? மச்சான் போட்ட விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். வெளிப்பக்கப் படங்கள் அழகாக இருந்தன. உள்பக்கப் படத்தில் கைப்பிடியைக் காணவில்லை. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிப் படம் எடுத்திருந்தான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது, என் கால்களை நான் ஒருநாளும் துண்டு போட்டு மூடியதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட ஊன்றுகோலை வாசலில் விடாமல் கூடத்துக்கு எடுத்துக்கொண்டுதான் போனேன். இவன் மூடுகிறான்.

"மாமா, மொதல்ல வண்டியப் பாக்கட்டும்னு தான்... ஆளு வந்துட்டா அப்புறம் பேசிக்கினு இருக்கலாம்," என்று போனில் இழுத்தான்.

"என்னைப் பாத்தா உனக்கு வெக்கமா கீதா?"

விளம்பரத்தை எடுக்கச் சொல்லிவிட்டு நானே புதிதாகப் போட்டேன். முதல் படமே கைப்பிடி. இரண்டாவது கியர் பட்டன். கார் நாலாவதாகத்தான் வந்தது. விலை ஒன்று எண்பது, கைப்பிடியோடு மட்டும் என்று எழுதினேன்.

போன் நின்றுபோனது. வந்த ஒன்றிரண்டும் வராமலே இருந்திருக்கலாம். பெரியவர் ஒருவர், "ஏதாவது ஊனமுற்றவருக்குத் தானமா குடுத்துடுங்க, பெருமாள் உங்களப் பாத்துப்பாரு," என்று யோசனை சொன்னார். நானே ஊனமுற்றவன்தான் ஐயா, எனக்கு யார் தானம் கொடுத்தார்கள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். புதிய கார் ஷோரூமிலிருந்து, பழையதைத் தொண்ணூறாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முடிவு சொல்லுங்கள் என்று நெருக்கினார்கள். வேலைக்குப் போகும் வழியில் தோள்வலியோடு புத்தலப்பட்டைத் தாண்டும்போதெல்லாம், வீராப்பு பேசி என்ன கண்டாய், தொண்ணூறுக்கே தள்ளிவிடு என்று தோன்ற ஆரம்பித்தது. தோற்றுக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொன்னால்.

அப்போதுதான் குடிபாலாவிலிருந்து ஒரு பெண் பேசினாள். மலை ஏறுமா என்று கேட்கவில்லை. "தள்ளுனா பிரேக்கா, இழுத்தா பிரேக்கா சார்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும், அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாவும் சித்தூருக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முப்பது வயதிருக்கும். வலது காலில், காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலிபர். புத்தலப்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். குடிபாலாவிலிருந்து சித்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வேலூரில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள், வண்டிதான் இல்லை.

காரை எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஓட்டினாள். முதலில் குலுக்கினாள், பிறகு பழகிவிட்டது. இறங்கியவள் கைப்பிடியின் அடியில் கைவிட்டு, குறுக்குக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். என் நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை நாளில் அந்தக் கம்பியைக் கழற்றுவதற்காக இல்லாமல் வேறு காரணத்துக்காகத் தொட்ட ஒரே ஆள் அவள்தான்.

"ஒண்ணு அம்பத்தஞ்சு சார். கைப்பிடி லூசா கீது, அதுக்கு அஞ்சு தான் போட்டேன். பட்டன் எனக்கு வேணாம், எடது காலு நல்லா கீது. அதுக்குக் காசு கெடையாது. டாக்ஸுக்குக் கழிக்க மாட்டேன், எங்கிட்டயும் சர்டிபிகேட் கீது."

ஒன்று பத்தையும் தொண்ணூறையும் கேட்டுப் புண்ணாகிப்போன காதுக்கு அது தேன். நியாயமாகப் பேரம் பேசியிருக்க வேண்டியவன் நான். என்ன ஆயிற்றோ, அவள் காலிபரைப் பார்த்தேன், இரண்டு பஸ் மாறிப் போவதை நினைத்தேன், மனசு இளகிவிட்டது.

"போம்மா, நீ ஒண்ணு நாப்பது குடு. எடுத்துக்கினு போ."

அவள் நைனா கையெடுத்துக் கும்பிடப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நான் கேட்டதுக்கு மேல நீங்க ஏத்தணும். நீங்க இன்னாத்துக்குக் கொறைக்கிறீங்க?"

"இல்லம்மா, உனக்குன்னா..."

"எனக்குன்னா இன்னா சார்? என் காலப் பாத்துட்டா? விளம்பரத்துல ஒண்ணு எம்பதுன்னு போட்டப்ப, இவரு ஒருத்தரு தான் மதிப்பு தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சிக்கினு வந்தேன். ஓசி வேணும்னா எங்க ஊர்லயே நூறு பேரு தருவாங்க. வா நைனா, போலாம்."

காலிபர் சத்தம் கேட்க மைதானத்தின் ஓரத்துக்கு நடந்தாள். புரோக்கரைத் திட்டினேன், மச்சானைத் திட்டினேன், தானம் கொடுக்கச் சொன்ன பெரியவரைத் திட்டினேன். கடைசியில் அவர்கள் எல்லோரையும்விட மோசமான காரியத்தை, அதுவும் அன்போடு, நானே செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

"நில்லும்மா. ஒண்ணு எழுபத்தஞ்சு."

அவள் திரும்பினாள். "பட்டனுக்குக் காசு தர மாட்டேன்னு சொன்னேன்."

"சித்தூர் டிராபிக்ல ஒருநாள் மாட்டு. எடது காலு நோவும்போது பட்டன் அருமை தெரியும்."

"அப்பன்னா கைப்பிடி லூசுக்குக் கொறைங்க. ஒண்ணு அறுவது."

"போல்ட்ட முறுக்குனா லூசு போயிடும். ஒண்ணு எழுவது."

விடாக்கண்டன் கொடாக்கண்டனாக வெயிலில் நின்றோம். அவள் நைனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். கம்பி, ஸ்பிரிங், டயர், பேட்டரி ஒன்றையும் அவள் விடவில்லை. நானும் விடவில்லை. ஒன்று அறுபத்தைந்துக்கு வந்து நின்றேன். அவள் ஒன்று அறுபதிலேயே நின்றாள். கடைசியில் அவள்தான் சலித்துப்போய், "எடுத்துக்கங்க சார்," என்று அறுபத்தைந்தையும் கொடுத்தாள்.

கார் போன பிறகு என் மனைவி ஆற்றாமல் கேட்டாள்: "பாவம் அந்தப் பொண்ணு. அந்த அஞ்சாயிரத்தையாவது விட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

விட்டிருந்தால் அவள் காரை எடுத்திருக்க மாட்டாள்.