மஞ்சள் வண்டியும் வெர்லினின் கண்களும்

வெர்லின் ஸ்ட்ரௌட் தரையில் நிற்கும்போது எதையும் கவனிக்காத மனிதர். கடையில் வாங்கியதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவார். தேவாலயத்தில் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்கு வேறு நிறம் பூசியிருப்பது ஒரு குளிர்காலம் கடந்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்து வீடு என்னுடையது என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். இப்படிப்பட்டவருக்கு எங்கள் தெற்கு வர்ஜீனியாவில் வாய்த்த வேலை, இன்னொருவருக்குக் கண்ணாக இருப்பது.

அவர் கண்காணிக்கும் பந்தய டிரக்கும் முரண்பாட்டில் அவருக்குச் சளைத்ததல்ல. பெயரும் உருவமும் சுமை வண்டியுடையவை. ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக்கூட அதில் ஏற்ற முடியாது, பின்தொட்டியை மூடிவிட்டார்கள். முகப்பு விளக்குகள் வெறும் ஸ்டிக்கர்கள். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். நுழைந்து வாரால் கட்டிக்கொண்ட பிறகு ஓட்டுபவரால் தலையைத் திருப்ப முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்வதற்காகவே ஸ்பாட்டர் என்று ஒருவர், பார்வையாளர் மேடையின் கூரைமேல் மற்ற அணிகளின் ஸ்பாட்டர்களோடு தோள் உரச நின்று வயர்லெஸில் பேசிக்கொண்டிருப்பார். ‘உள்ள இருக்கான்’ என்றால் வட்டப் பாதையின் சரிவில் உள்பக்கம் இறங்கக் கூடாது. ‘க்ளியர்’ என்றால் இறங்கலாம். ஓட்டுபவரின் உயிர் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது.

கூரையில் ஏறியதும் வெர்லினுக்கு என்னவோ ஆகும். விழிப்பு என்றும் சொல்ல முடியாது, உறக்கம் என்றும் சொல்ல முடியாது. அத்தனை இன்ஜின்களின் சத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் மௌனமாகிவிடும் என்பார். கீழே, தொட்டியில் மீன்கள் சுற்றுவதைப் போல வண்டிகள் சுற்றும். ரப்பர் வாசனையும் ஹாட் டாக் வாசனையும் கலந்து மேலே வரும். தூரத்து மலைகள் நீலமாகி, நீலம் புகையாகி, புகை மேகமாகிக் கொண்டிருக்கும். சொற்கள் தாமாகவே அவர் வாயிலிருந்து உதிரும். வீட்டிலும் அது விடாது. தூக்கத்தில் “வெளிய ஒருத்தன், வெளிய ஒருத்தன்” என்பார்.

“அது நான்தான் கண்ணு, தண்ணி குடிக்கப் போறேன்” என்பாள் மனைவி நடீன்.

“க்ளியர்” என்றுவிட்டுப் புரண்டு படுப்பார்.

ஏறக்குறைய இருபது வருடம் அந்தச் சொற்களைக் கேட்டவன் ராய்ஸ் டட்டில். நீல வண்டி. இந்த வசந்தத்தில் ராய்ஸ் ஒரு பெரிய அணிக்குப் போய்விட்டான். விளம்பரம் தரும் பிஸ்கட் மாவுக் கம்பெனியும் அவனோடு போனதால் நீல நிறமும் போனது. அந்த அணியில் ஏற்கெனவே ஸ்பாட்டர் இருந்தார். சண்டை எதுவும் இல்லை. போகும்போது இருவரும் கைகுலுக்கிக்கொண்டு வானிலை பற்றிப் பேசினார்கள். வெர்லினுக்கு ஷெல்பி க்ரௌஸ் வாய்த்தாள். மஞ்சள் வண்டி, இரண்டு குழந்தைகள், கூர்மையான நாக்கு.

எங்கள் ஊர்ப் பந்தய வார இறுதியில், வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தின்போது அது நடந்தது. நீல வண்டி ஒருவனைத் தாண்டி உள்பக்கம் இறங்க வசதியாக முன்னேறியது. வெர்லின் “க்ளியர்” என்றார். நீல வண்டிக்கு அது முழு உண்மை. ஆனால் கேட்டது ஷெல்பி. அவள் இறங்கினாள், அங்கே வேறொரு வண்டி இருந்தது. மஞ்சள் வண்டியின் ஒரு பக்கம் முழுவதும் உரிந்தது. கூரையில் பக்கத்தில் நின்ற எதிரணி ஸ்பாட்டர் வெண்டல், சூரியகாந்தி விதைப் பையை நீட்டினார். கூரையில் துக்கம் விசாரிக்கும் முறை அதுதான்.

கீழே அணித் தலைவர் கார்லண்ட் காத்திருந்தார்.

“வெர்லின், நம்ம வண்டி என்ன கலரு?”

“மஞ்சள்.”

“போன வாரம்?”

“மஞ்சள்தான்.”

“அப்ப வண்டி மாறல. நாளைக்கு இன்னொரு தடவ இப்படி ஆச்சு, கூரைய மறந்துடு. கீழ நின்னு டயர் உருட்டு. இன்னிக்கே எறக்கியிருப்பேன், ஷெல்பிதான் விடமாட்டேங்கிறா.”

ஷெல்பி ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் மூத்தவர்களின் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போடுவது மரியாதை. திட்டும்போதும் அதை விடமாட்டோம்.

“மிஸ்டர் வெர்லின், உண்மையச் சொல்லுங்க. ராய்ஸுக்குத்தானே சொன்னீங்க?”

“ஆமா.”

“அவருக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்காது.”

“எனக்குக் கேட்டுச்சு. எம்புள்ளைங்க ரெண்டு பேரு, அம்மா ஒருத்திதான். ஞாபகம் வச்சுக்கங்க.” இரண்டடி போய்த் திரும்பினாள். “பொய் சொல்லியிருந்தீங்கன்னா நானே கூரையிலேருந்து தள்ளியிருப்பேன்.”

சனிக்கிழமை காலை நடீன் அவருக்கு ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து வைத்தாள்.

“எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கேனே.”

“இருங்க. குனிஞ்சு பாத்தாவது எந்த வண்டின்னு தெரியட்டும்.”

ஹாம் இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டிப் பொட்டலத்தைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். முதல் திருப்பத்தில் அது எங்கள் ஊர்க் காக்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பந்தயத்துக்கு முன் பாதிரியார் எல்லா ஓட்டுநர்களும் காயமின்றித் திரும்ப வேண்டுமென்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் இடிக்கப் போனார்கள். பச்சைக் கொடி அசைந்தது. சத்தம் ஏறி ஏறி மௌனமாகியது.

நீல வண்டி அவரை இழுத்தது. பழகிய வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் கண் தானாகப் போகுமே, அப்படி. அது வளைவில் எங்கே பிரேக் பிடிக்கும், எங்கே பொறுமை இழக்கும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கண்ணைப் பிய்த்தெடுத்து மஞ்சளில் வைத்தார். “உள்ள இருக்கான். கதவுகிட்ட. பின்டயர்கிட்ட. க்ளியர்.” சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் கண்ணைப் பிடித்து வைக்க வேண்டிய தேவையும் நின்றது. மஞ்சள் மட்டும் இருந்தது. மாலை வெயிலில் ஒரு தேன்துளி வட்டமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நிழல்கள் வந்தன, போயின.

கடைசிச் சுற்றுகளில் மூன்றாம் வளைவில் முன்னால் போனவர்கள் மோதிக்கொண்டார்கள். வெள்ளைப் புகை பாதையை மூடியது. ஷெல்பிக்கு எதுவும் தெரியவில்லை.

“மேல போ. மேல, மேல, சுவத்தோட ஒட்டி. காலெடுக்காத. ஒருத்தன் குறுக்க நிக்கிறான், அவனுக்கு மேல. நேரா வா. வா. க்ளியர்.”

மஞ்சள் வண்டி புகையிலிருந்து முழுசாக வெளியே வந்தது. ஆறாவதாக முடித்தாள். வயர்லெஸில் கார்லண்ட் தொண்டையைச் செருமினார். அவரிடமிருந்து அது பாராட்டு.

வெண்டல் விதைப் பையை நீட்டினார். “கவலப்படாத. ராய்ஸ் தானா நடந்துதான் போனான்.”

“ராய்ஸுக்கு என்ன?”

வெண்டல் மெல்லுவதை நிறுத்தினார். “என்னய்யா கேக்குற? குறுக்க நிக்கிறான்னு நீதானே சொன்ன?”

அப்போதுதான் வெர்லின் பார்த்தார். இழுவை வண்டியின் கொக்கியில் நீல வண்டி முகம் நசுங்கித் தொங்கியது. விளக்கு ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து காற்றில் படபடத்தது.

வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ராய்ஸ் ஒரு மணிக்கட்டில் ஐஸ் பையும் மறு கையில் ஹாட் டாக்குமாக உட்கார்ந்திருந்தான்.

“பாத்தியாடா, எப்படி மோதினேன்னு?”

“பாக்கல.”

“சும்மா சொல்லாத.”

“நெசமாத்தான். யாரோ ஒருத்தன் நின்னான். அவ்வளவுதான் தெரிஞ்சுது.”

ராய்ஸ் ஐஸ் பையைக் கீழே வைத்தான். “நான் எங்க இருக்கேன்னு எங்கம்மாவுக்குத் தெரியாத நாளெல்லாம் இருக்கு. உனக்குத் தெரியாம இருந்ததில்ல.” பிறகு, “நல்லதுதான்” என்றான், கெட்ட செய்தி கேட்டவன் குரலில். ஹாட் டாக்கில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வெர்லின், அது எங்கிருந்து வந்தது என்றுகூட யோசிக்காமல் தின்று முடித்தார்.

பொழுது சாயும் நேரம் ஷெல்பியின் சொந்த டிரக் எங்கள் தெருவுக்குள் வந்தது. உண்மையாகவே சுமை ஏற்றும் டிரக். அதிலிருந்து வெர்லின் இறங்கினார்.

வாசலிலிருந்து நடீன் கேட்டாள்: “நம்ம கார் எங்க?”

வெர்லின் சுற்றுமுற்றும் பார்த்தார். கார் ஒன்று இருந்திருக்க வேண்டியதுதான் என்று அவருக்கும் பட்டது.

“மைதானத்துலயே விட்டுட்டு வந்துட்டாரு, நடீன் அம்மா. கூடவே வந்து ஏறிக்கிட்டாரு, நானும் கேக்கல” என்றாள் ஷெல்பி. “சரி, நான் கெளம்பறேன்.”

வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் என் தபால் பெட்டியும் தெருவும் இருந்தன. வெர்லின் புல்வெளியில் நின்று, மலைகளுக்கு மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“க்ளியர்” என்றார்.

ஷெல்பி கண்ணாடியைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. விர்ரென்று பின்னால் எடுத்துத் தெருவில் ஏறிப் போய்விட்டாள்.