தாம்பூலப் பையில் என் தங்கை

நான் ரப்பர் செதுக்குகிறவன். பென்சில் எழுத்தை அழிக்கும் அதே ரப்பர்தான். அதன்மேல் படம் வரைந்து, சின்னக் கத்தியால் வேண்டாததைச் சுரண்டி எடுத்து, மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினால் முத்திரை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை முடிந்து செங்கல்பட்டு வீட்டுக்கு வந்ததும் இந்த வேலை. வேடந்தாங்கல் நாரையில் ஆரம்பித்தேன். கத்தி வழுக்கி நாரைக்கு ஒரு கால் போய்விட்டது. நாரை ஒற்றைக் காலில்தானே நிற்கும் என்று என்னை நானே மன்னித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் மரியாதை கிடையாது. "மாமல்லபுரத்துல மலையையே குடைஞ்சு கோயிலு கட்டினாங்க. நீ இன்னாடான்னா ஸ்கூல் பசங்க ரப்பரைக் குடைஞ்சிகினு கீற" என்பாள். துடைப்பத்தில் ரப்பர்த் துகள் ஒட்டிக்கொண்டு வருவது எங்கள் வீட்டில் நிரந்தர வழக்கு.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குச் சதுரங்கப்பட்டினம். தாம்பூலப் பை அச்சடிக்க அம்மா கடைக்குக் கிளம்பியபோது தங்கை வழிமறித்தாள்.

"கடையில வாணாம்மா. அண்ணன் செதுக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்."

அதுவரை என்னிடம் யாரும் ஒரு முத்திரை கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட எனக்கு அப்படிப் பெருமையாக இருந்ததில்லை. அம்மா அரைமனதாகச் சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டாள்.

"பொண்ணு மாப்பிள்ளைக்கு சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும். தாலி கட்டுற வரைக்கும் அதான் முறை. மாத்தி வச்சே, அந்தப் பையோட உன்னையும் வெளிய தள்ளிடுவேன்."

சோப்புக்கட்டி அளவில் ஒரு ரப்பர் வாங்கினேன். பூ வைத்த சடையோடு பெண், தலைப்பாகையோடு மாப்பிள்ளை, கீழே 'நன்றி'. ரப்பரில் செதுக்குவது அச்சில் இடவலம் மாறித்தான் விழும். இது தெரியாதவன் கத்தியையே தொடக்கூடாது. எனக்கா தெரியாது? ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப்போட்டு, கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்து, மூன்று சாயங்காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கினேன். நானூறு மஞ்சள் துணிப்பையிலும் நானே குத்தினேன். 'நன்றி' அவ்வளவு அழகாக விழுந்தது. நானூறு பையிலும் நான் பார்த்தது அதை மட்டும்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பைகளில் தேங்காய் போட உட்கார்ந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"டேய், பொண்ணு எந்தப் பக்கம்டா கீது?"

பார்த்தேன். எழுத்தைத் திருப்பியவன் ஆட்களைத் திருப்ப மறந்திருக்கிறேன். ரப்பரில் மாப்பிள்ளையின் வலப்பக்கம் இருந்த பெண், பையில் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"தாலி கட்டாத பொண்ணைப் பீச்சாங்கைப் பக்கம் நிக்க வச்சிகீறியே! சம்பந்தி வூட்ல பார்த்தா இன்னா சொல்லுவாங்க?" அம்மாவுக்குக் கோபத்தைவிட பயம் அதிகம். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஆசையாகக் கேட்ட ஒரே ஆளின் காரியத்தையும் கெடுத்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

தங்கை தோசைத் தட்டோடு வந்து ஒரு பையை எடுத்துப் பார்த்தாள். "என் மூக்கு இவ்ளோ பெருசா?" என்றாள் முதலில். பிறகு அம்மாவிடம், "இந்தப் பையை எப்போம்மா குடுப்பாங்க?"

"சாப்ட்டுட்டுக் கிளம்புறப்போ."

"அப்போ தாலி கட்டி முடிஞ்சிருக்கும்ல? நான் அந்தப் பக்கம் மாறி உக்காந்துட்டிருப்பேன்ல? அண்ணன் கரெக்டாதான் போட்டுகீது."

அம்மா தேங்காய் போட ஆரம்பித்தாள். கல்யாண மண்டப வாசலில் அதே அம்மா பை கொடுத்த அழகைப் பார்க்க வேண்டுமே! "தாலி கட்டினப்புறம் தர்ற பையாச்சே, அதான் பொண்ணை இந்தப் பக்கம் போடச் சொன்னேன்" என்று சம்பந்தியம்மாவிடமே சொன்னாள்.

அதற்கு முன்பு ஒன்று நடந்தது. தாலி கட்டியதும் ஐயர் சொல்ல, தங்கை எழுந்து மாப்பிள்ளையைச் சுற்றிவந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். நாலு அடிகூட இருக்காது. செங்கல்பட்டுக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் ஒரு பஸ் தூரம்தானே என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த நாலு அடியைப் பார்த்ததும் கேவிக் கேவி அழுதேன். நானூறு தடவை என் கையாலேயே அவளை அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறேன், அப்போதெல்லாம் உறைக்கவில்லை.

பைகள் ஒன்று பாக்கியில்லாமல் ஊருக்குப் போய்விட்டன. ரப்பர் மட்டும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். அதில் அவள் இன்னும் வலப்பக்கம்தான் இருக்கிறாள். இன்னும் தாலி கட்டவில்லை.