படுத்திருப்பவரைக் கேள்

சாஜிதாவைப் பற்றி யாராவது ‘ஃபாரின் போய் செட்டிலான நர்ஸ்’ என்று ஒரே வரியில் முடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வரியில் முடிகிற ஆளா அவள்?

தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளும் நானும் ஒரே வார்டு. இரண்டு பேருமே டிப்ளமோ படித்த நர்ஸுகள். அவள் வீடு அனகாபுத்தூரில். புருஷன் ஜாகிருக்குப் பம்மலில் டயர் கடை. 2007இல், முப்பது வயசுக்கு மேல், நர்சிங் பட்டம் படிக்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினாள். பகலில் வகுப்பு, ராத்திரி முதியோர் இல்லத்தில் வேலை. என்னால் ஆகாது சாமி!

ஒருநாள் போன் செய்து அழுதாள். வார்டில் வைத்து நடத்தும் பரீட்சையில் ஃபெயில்.

“இன்னாடி பண்ணித் தொலைச்ச? ஊசி மாத்திப் போட்டுட்டியா?”

“இல்லக்கா. பெட்ல இருந்தவர விட்டுட்டு, பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட ‘அப்பா சாப்ட்டாரா, வலி இருக்கா’ன்னு கேட்டுட்டேன். பேஷண்ட்ட மதிக்கலன்னுட்டாங்க. இன்னும் ஒரே சான்ஸ்தான்க்கா. அதுவும் போச்சுன்னா பட்டம் இல்ல, திரும்பி வந்துர வேண்டியதுதான்.”

எனக்கு வந்ததே கோபம்! நம் ஊரில் வேறெப்படிக் கேட்போமாம்? கூட இருக்கும் அட்டெண்டரைத் தேடிப் பிடித்துவிட்டுத்தானே பெட் பக்கமே போகிறோம். காய்ச்சல் விட்டதா, வெளிக்குப் போனாரா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது மகனோ மருமகளோதான். படுத்திருப்பவர் மூட்டை மாதிரி கிடப்பார். இத்தனை வருஷப் பழக்கம் பிளேன் ஏறினால் போய்விடுமா?

சாஜிதா என்னைப் போலக் கத்திக்கொண்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் தன் அனகாபுத்தூர் வீட்டுக்கு வரச்சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட வைத்தாள். அவள் மாமியார் பேஷண்ட், ஜாகிர் அட்டெண்டர், நான் பரீட்சை அதிகாரி.

“மாமி, உடம்புக்கு என்ன பண்ணுது?”

“முட்டி வலிதான், வேற இன்னா,” என்றான் ஜாகிர்.

“நீங்க கம்முனு இருங்க. மாமி சொல்லட்டும்.”

மாமி பேசவே இல்லை. அவரை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. போன் கார்டு தீர்ந்துவிடுமே என்று எனக்குப் பதைப்பு. சாஜிதா காத்திருந்தாள்.

“முட்டி எப்பவும் வலிக்கிறதுதாம்மா,” என்றார் கடைசியில். “நீ போனதுலேர்ந்து வூட்ல இருக்கவே புடிக்கல. சோறு எறங்க மாட்டேங்குது.”

ஜாகிர் அம்மாவையே பார்த்தான். அவனுக்கு அது தெரியாது.

அடுத்த பரீட்சையில் ஒரு வயதான அம்மாள். மகன் ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டாராம். இவள் அவரை அமைதியாக நிறுத்திவிட்டு, அந்த அம்மாள் வாய் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். பாஸ்! கெட்டிக்காரி, அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பட்டம் உறுதியான செய்தி வந்த அன்று வீடே போனைச் சுற்றி நின்றது.

“இனிமே இங்கயே வந்துருவா,” என்றார் மாமி.

“இன்னாத்துக்கு? அங்கயே வேல பாப்பா. நானும் போறேன்,” என்றான் ஜாகிர்.

நான் போனைப் பிடுங்கினேன். “ரெண்டு பேரும் கம்முனு இருங்க. சாஜி, நீ சொல்லுடி. உனக்கு இன்னா வேணும்?”

நாங்கள் காத்திருந்தோம்.

“தூங்கணும்க்கா,” என்றாள் சாஜிதா.