சினிமாவுக்காக நனைத்த சுவர்

நான் நடித்த படத்தைப் பார்த்து ஊரே அழுதது. சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். படத்தில் என் முதுகு மட்டும்தான் வந்தது. அழவைத்தவள் பக்கத்து அறை இஸ்திரிக்காரி. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே அறைதான்.

நிஜ ஏழையின் நிஜ வீடு வேண்டும் என்று டைரக்டர் அதைத் தேர்ந்தெடுத்தார். படம் பிடிக்க வருகிறார்களே என்று இவள் முதல் நாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

"இது ஏழை வீடு மாதிரியே இல்லம்மா" என்று டைரக்டர் நாலு வாளித் தண்ணீரைச் சுவரில் ஊற்றச் சொன்னார்.

படம் பார்த்து மனமிரங்கிய நகராட்சி அதிகாரி, குடியிருக்க லாயக்கில்லை என்று அறைக்குச் சீல் வைக்க வந்தார்.

"அது சினிமாக்காரங்க ஊத்தின தண்ணி சார். தொட்டுப் பாருங்க, காஞ்சிருக்கு."

"நான்தான் கண்ணால பாத்தேனேம்மா, படத்துல" என்றார் அவர், பூட்டைத் தேடிக்கொண்டே.

அதற்கப்புறம் அவள் தன் தம்பி வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள் என்றுதான் இந்தக் கதையை முதலில் முடித்து எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவள் மகள் திருத்தினாள்: "மாமா வீட்ல மூணு நாள்தான் பெரியம்மா. அம்மா இப்ப தியேட்டர் மாடிப்படிக்குக் கீழதான் படுக்கறாங்க."